ஓட்டம் இரத்தத்தில் இருக்கிறதா?

கடந்த பெப்ரவரியில் கினிகத்தேனைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மழைக்குப் பேர்போன பக்கம். அன்று மட்டும் நல்ல வெயில். மைதானம் என்று அவர்கள் சொல்வது தேயிலை மலைக்கு நடுவே வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். அதிலும் ஒரு மூலை சரிந்து கிடந்தது. 200 மீற்றர் ஓட வேண்டுமானால் பிள்ளைகள் அந்தச் சின்ன இடத்தை இரண்டு தடவை சுற்ற வேண்டும். பாதிப் பேருக்கு மேல் வெறுங்கால்.

பரிசு கொடுக்க வந்த விருந்தினர் மனம் நிறைந்துதான் பேசினார். மலையகப் பிள்ளைகளுக்கு ஓட்டம் இரத்தத்திலேயே இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக மலை ஏறி இறங்கிய கால்கள் இவை, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றார். நல்ல கைதட்டல். என் பக்கத்தில் நின்ற விளையாட்டு டீச்சர் மட்டும் கைதட்டவில்லை.

"வருசத்துக்கு ஒருத்தர் வந்து இதையே சொல்லிட்டுப் போறாங்க தங்கச்சி. சொல்லிக்குடுக்கத் தேவையில்லனா நான் எதுக்கு இங்க நிக்கிறேன்? ஓடுற பிள்ளைகளுக்கு நாலு சோடி சப்பாத்து கேட்டேன். வெறுங்காலோட ஓடிப் பழகின பிள்ளைங்கதானேனு பதில் வந்துச்சு."

புகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட அதே வார்த்தை சப்பாத்தை மறுக்கும் காரணமாகவும் ஆகியிருக்கிறது. இது அந்த விருந்தினருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஓர் இனத்தின் உடலைப் பார்த்து அதன் திறமையை அளந்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு நூறு வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது விஞ்ஞானம் என்ற பெயரிலேயே நடந்தது. அதில் நம்மவர்களும் அளக்கப்பட்டிருக்கிறார்கள்.

1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அந்த வருட ஒலிம்பிக் போட்டிகளும் அதனோடு சேர்த்தே நடத்தப்பட்டன. கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்கு ஒரு மண்டபம் இருந்தது. தேயிலையைப் போலவே மனிதர்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் மலைவாசிகள், ஜப்பானின் ஐனு மக்கள், கொங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், படகோனியர்கள், அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோருக்கும் வேலிக்குள் ஒவ்வொரு "கிராமம்". மானிடவியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மெக்கீ என்பவரும் விளையாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பான ஜேம்ஸ் சல்லிவனும் சேர்ந்து ஆகஸ்ட் 12, 13 ஆகிய இரு நாட்களை "மானிடவியல் நாட்கள்" என்று அறிவித்தார்கள். "காட்டுமிராண்டிகள்" இயற்கையிலேயே பலசாலிகள், வேகமானவர்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா என்று சோதிக்கப் போவதாகச் சொன்னார்கள்.

சோதனை நடந்த விதம் இதுதான். அதுவரை குண்டு எறிதலைப் பார்த்தேயிராத மனிதர்களின் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்து எறியச் சொன்னார்கள். விதிகளை அவர்களுடைய மொழியில் ஒருவரும் விளக்கவில்லை. 100 யார் ஓட்டத்தில் சிலர் முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நாடாவின் அருகே வந்ததும் நின்று பின்னால் வரும் நண்பர்களுக்காகக் காத்திருந்தார்கள். சிலர் நாடாவுக்குக் கீழே குனிந்து போனார்கள். எனக்கு இது வரலாற்றின் மிகப் பண்பான ஓட்டப்போட்டியாகவே படுகிறது. சல்லிவனுக்கு அப்படிப் படவில்லை. அவர்களுடைய நேரங்களையும் தூரங்களையும் பயிற்சி பெற்ற வெள்ளையர்களின் சாதனைகளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்து, இந்த இனங்கள் உடலளவிலும் தாழ்ந்தவை என்று முடிவு சொன்னார்.

செப்ரெம்பரில் மெக்கீ கொஞ்சம் பயிற்சி கொடுத்து மறுபடி ஒரு போட்டி நடத்தினார். பெறுபேறுகள் முன்னேறின. பயிற்சி கிடைத்தால் நன்றாகச் செய்வார்கள் என்ற இந்தச் சாதாரண விடயம் முதல் முடிவைப் போலப் பரவவில்லை. இந்த இரண்டு போட்டிகளுக்கும் இடையில், ஓகஸ்ட் 30இல், ஒலிம்பிக் மரதன் நடந்தது. கண்காட்சியில் போவர் யுத்தத்தை நடித்துக் காட்டக் கொண்டுவரப்பட்டிருந்த தென்னாபிரிக்கக் கறுப்பர்கள் இருவர், லென் டாவ், ஜான் மஷியானி, அதில் ஓடினார்கள். கடுமையான வெயில், தூசி. புறப்பட்ட 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர்தான். டாவ் ஒன்பதாம் இடம், மஷியானி பன்னிரண்டாம் இடம்.

முப்பது வருடங்களில் கதை தலைகீழானது. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லரின் கண் முன்னே ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். கறுப்பர்கள் ஓடத் தெரியாதவர்கள் என்று இனிச் சொல்ல முடியாது. அதனால் கறுப்பர்களின் உடலே ஓடுவதற்கென்று அமைந்தது, குதிக்கால் எலும்பு நீளம், கெண்டைத் தசை வேறு மாதிரி என்று சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பயிற்றுநர் டீன் குரொம்வெல் 1941இல் வெளியிட்ட தடகளப் பயிற்சி நூலில், கறுப்பர்கள் ஆதிநிலைக்கு நெருக்கமானவர்கள், அண்மைக்காலம் வரை காட்டில் உயிர் பிழைக்க ஓடியும் பாய்ந்தும் வந்தவர்கள், அதனால்தான் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் சிறக்கிறார்கள் என்று எழுதினார்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தவர் மொன்டேகு கொப் என்ற கறுப்பின மருத்துவர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ஓவன்ஸின் காலையும் பாதத்தையும் அவரே அளந்தார். "கறுப்பினக் கெண்டைத் தசை", "கறுப்பினக் குதிக்கால்" என்று பாடநூல்கள் வகுத்திருந்த எந்த அடையாளமும் ஓவன்ஸிடம் இல்லை. வெற்றி பெற்ற கறுப்பு ஓட்டவீரர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் உடற்கூறும் கிடைக்கவில்லை. 1936இலேயே அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். குரொம்வெல்லின் நூல் அதற்கு ஐந்து வருடங்கள் கழித்து வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆதாரம் கையிலிருந்தும் பொய் நிற்கவில்லை.

தோற்றால் இனம் தாழ்ந்தது. வென்றால் அது இனத்தின் விலங்குத்தனம். ஓவன்ஸ் வருடக்கணக்கில் செய்த பயிற்சி இந்த இரண்டு கணக்கிலும் வராது.

மலையகத்தில் நின்று யோசிக்கும்போது இந்தக் கதையின் இன்னொரு கிளைதான் என்னை அதிகம் உலுக்குகிறது. அது தோட்டங்களிலிருந்து முளைத்தது. அமெரிக்காவின் லூசியானாவில் அடிமைத் தோட்டங்களோடு தொடர்புடைய சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர் 1851இல் ஓர் அறிக்கை எழுதினார். அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்றார். கறுப்பர்களின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையர்களுடையதை விட 20 வீதம் குறைவு, கட்டாய வேலைதான் அவர்களுடைய இரத்தத்துக்கு உயிர் கொடுக்கிறது என்றும் சொன்னார். அடிமைமுறைக்கு ஒரு வைத்தியச் சான்றிதழ். இது பழைய கதையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமீற்றர் கருவிகளில் கறுப்பர்களுக்கு 10 முதல் 15 வீதம், ஆசியர்களுக்கு 4 முதல் 6 வீதம் என்று "இனத் திருத்தம்" அண்மைக்காலம் வரை நடைமுறையில் இருந்தது. பாதிப்புள்ள நுரையீரலைக் கூட, இவர்களுக்கு இயல்பே இவ்வளவுதான் என்று கருவி சொல்லிவிடும். அதைக் கைவிடுமாறு அமெரிக்க சுவாசநோய்ச் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான்.

விளையாட்டிலும் இதே கணக்கு நுழைந்தது. அமெரிக்கக் கால்பந்தில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் உடன்பாட்டில், கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் ஆரம்பத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொண்டு புள்ளி போடும் முறை பயன்பட்டது. ஒரே அளவு பாதிப்பு இருந்தாலும் வெள்ளையருக்கு நட்டஈடு கிடைக்கலாம், கறுப்பருக்குக் கிடைக்காமல் போகலாம். 2020இல் இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் ஒப்புக்கொண்டது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். இந்த மலைகளுக்கு ஆட்கள் திரட்டப்பட்ட சென்னை மாகாணத்தில், பிரித்தானியர் மனிதர்களை வகை பிரித்து அளந்துகொண்டிருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை பொறுப்பிலிருந்த எட்கர் தேர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் அளந்து சாதிகளுக்கு அட்டவணை போட்டவர். 1857 எழுச்சிக்குப் பிறகு இராணுவத்தில் "போர்க்குணமுள்ள இனங்கள்" என்ற கொள்கை வலுத்தது. பஞ்சாபியர், கூர்க்கர் வீரர்கள். தென்னாட்டவர் சண்டைக்கு லாயக்கற்றவர்கள். சென்னைப் படையில் தமிழருக்கான இடம் சுருங்கியது. சண்டைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே மக்கள் தோட்டத்துக்கு மட்டும் பொருத்தமானவர்கள் ஆனார்கள். சொன்னதைக் கேட்பார்கள், மழையும் குளிரும் தாங்குவார்கள், பெண்களின் விரல்கள் கொழுந்துக்கென்றே படைக்கப்பட்டவை. அந்த விரல்களை இவ்வளவு புகழ்ந்தவர்கள் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த நாட்சம்பளமே கொடுத்தார்கள். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல். திறமை என்றால் சம்பளம் கேட்கலாம், இயற்கை என்றால் கேட்க முடியாது.

கிரிக்கெட்டில் இந்தப் பார்வை முதலில் ரஞ்சித்சிங்ஜி மேல் விழுந்தது. 1896இல் மன்செஸ்டரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே 62, ஆட்டமிழக்காமல் 154. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரைக் கீழைத்தேய மந்திரவாதியாகவும் மணிக்கட்டில் எலும்பில்லாதவர் போலவும் வர்ணித்தன. கேம்பிரிட்ஜில் படித்தபோது தொழில்முறைப் பந்துவீச்சாளர்களைப் பணம் கொடுத்து வரவழைத்து மணிக்கணக்கில் பயிற்சி எடுத்தவர் அவர். மந்திரவாதிக்குப் பயிற்சி எதற்கு?

ரஞ்சி பிறந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1972இல், கண்டியில் முத்தையா முரளிதரன் பிறந்தார். அவருடைய தாத்தா 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். முரளியின் அரசியல் பேச்சுகளால் மனம் நொந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. அது தனியாகப் பேசவேண்டிய விடயம். இங்கே நான் பேசுவது அவருடைய முழங்கையைப் பற்றி.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயர் முரளியின் பந்துகளை ஏழு தடவை "நோ போல்" என்றார். எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பத்து நாளில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார். முரளியின் கை பிறவியிலேயே முழுமையாக நீளாது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அதிவேகக் கமராக்களால் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். வளைந்த கை சுழலும்போது எறிவது போன்ற தோற்றம் கண்ணுக்கு உண்டாகிறது என்பது முடிவு. குற்றச்சாட்டு ஓயவில்லை. 1999இல் அடிலெய்டில் எமர்சன் மறுபடி கை நீட்டினார். அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துப் போனார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவர் எறிகிறார் என்றார். கையை மடக்கவோ நீட்டவோ முடியாதபடி உருக்குக் கம்பி வைத்த கவசத்தைப் பூட்டிக்கொண்டு கமராவுக்கு முன்னால் பந்து வீசிக் காட்ட வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.

எல்லாமே இனவாதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நானும் எளிய விளக்கத்தைத் தேடுகிறேன் என்று ஆகும். வெள்ளை அவுஸ்திரேலியரான இயன் மெக்கிஃப் 1963இல் சொந்த நாட்டு நடுவராலேயே எறிபவர் என்று அறிவிக்கப்பட்டு ஓய்வுபெற்றார். முரளியை ஓயாமல் விமர்சித்தவர்களில் இந்தியாவின் பிஷன் சிங் பேடியும் ஒருவர். கேள்வி கேட்டதில் தவறில்லை. ஆனால் பல வருடங்களாக அந்தக் கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து விதிப்படி சுழற்பந்து வீச்சாளரின் முழங்கை 5 பாகை வரை நீளலாம், வேகப்பந்து வீச்சாளருடையது 10 பாகை வரை. முரளியின் "தூஸ்ரா" பந்து 2004இல் பேர்த்தில் அளக்கப்பட்டபோது 14 பாகை வந்தது. திருத்திய பிறகு சுமார் 10. அப்போதுதான் சர்வதேச கிரிக்கெட் சபை மற்றவர்களையும் அளந்தது. ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நீள்கிறது என்று தெரிந்தது. அழகான வீச்சுக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட கிளென் மெக்ராத், ஷோன் பொலக் போன்றவர்களும் 10 பாகையைத் தாண்டியிருந்தார்கள். 15 பாகைக்குக் கீழே நடப்பதை வெறுங்கண்ணால் பிடிக்க முடியாது. 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் ஒரே எல்லை, 15 பாகை. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. விதி எப்போதுமே அளவீட்டில் நின்றதில்லை, பழகிய கண்ணுக்கு எந்தக் கை சரியாகத் தெரிகிறதோ அதில் நின்றது என்பதுதான் அந்த ஆய்வு காட்டிய உண்மை.

விடுவிக்கப்பட்ட பிறகும் முரளியைப் புகழ்ந்தவர்கள் பேசியது வினோதமான கையையும் மணிக்கட்டையும் பற்றித்தான். அவர் பாடசாலையில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்தவர். 14 வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லிச் சுழலுக்கு மாறினார். 800 விக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒரு பயிற்றுநர், ஒரு பாடசாலை, ஒழுங்கான ஆடுகளம், பிஸ்கட் தொழில் நடத்திய ஒரு குடும்பத்தின் வசதி இருக்கின்றன. லயத்தில் பிறந்து அதே மாதிரி மணிக்கட்டு கொண்ட ஒரு பிள்ளை இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

வெள்ளைக்காரனைப் பற்றிப் பேசுவது எளிது. என் குடும்பம் 1977 வன்செயலில் இந்தப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போனது. அப்படிப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள்தான் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எல்லோரோடும் சேர்ந்து பங்கருக்குள் இருந்தார்கள், எல்லோரோடும் சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். நான் படித்த பாடசாலையில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். "தோட்டக்காட்டுப் பிள்ளைதானே, உடம்பு வலுவாத்தான் இருக்கும்" என்று சொன்னவர் ஒரு தமிழ் ஆசிரியர். கணக்கில் அதிக புள்ளி எடுத்தபோது அவர் யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். உடம்பு என் இனத்துக்கு, மூளை வேறு யாருக்கோ. 2020இல் ஐரோப்பியக் கால்பந்து வர்ணனைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, வெளிர்நிற வீரர்களின் புத்திசாலித்தனமும் கருநிற வீரர்களின் பலமும் வேகமும்தான் அதிகம் புகழப்படுகின்றன என்று காட்டியது. அதை வாசித்தபோது எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தானுக்கு மூளை, வன்னியானுக்கு உடம்பு, மட்டக்களப்பானுக்குப் பாட்டு, தோட்டக்காட்டானுக்குக் கூலி வேலை என்று நாம் பகிடியாகச் சொல்வதும் தேர்ஸ்டனின் அட்டவணையும் ஒன்றுக்கொன்று உறவு. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நா. எதிர்வீரசிங்கம். படிப்பாளிகளின் ஊர் என்ற பெயர் அவரைப் பாயவிடாமல் தடுக்கவில்லை. பாய்ந்ததும் அவர் கலாநிதிப் பட்டம் பெறுவதைத் தடுக்கவில்லை.

அப்படியானால் உடலில் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் நிறைய உண்டு. வேகமாக இயங்கும் தசைகளோடு தொடர்புடைய ஏசிடிஎன்3 என்ற மரபணு வடிவம் ஒலிம்பிக் குறுந்தூர ஓட்டவீரர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதே வடிவம் உலக மக்களில் பெரும்பாலானவர்களிடமும் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடித் தவறவிடும் என்னிடமும் இருக்கலாம். தோல்நிறத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கென்யாவின் ஓட்டவீரர்களைக் காட்டி, பார்த்தீர்களா மலைவாசிகள் என்பவர்களும் உண்டு. இட்டென் நகரம் 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சரி. அங்கே ஒரு பாடசாலை இருக்கிறது. 1976இல் அதற்கு வந்து பிள்ளைகளைப் பயிற்றத் தொடங்கிய கொல்ம் ஓ'கொனல் என்ற அயர்லாந்துத் துறவி இருக்கிறார். ஓடி வென்றால் குடும்பம் வாழலாம் என்று காட்டிய முந்தைய தலைமுறை இருக்கிறது. உயரம் மட்டும் போதுமென்றால் நுவரெலியாவும் 1,868 மீற்றரில்தான் இருக்கிறது.

மலையகத்தில் இந்தப் பொய் விஞ்ஞானம் பிள்ளைகளின் மேல் நேரடியாக விழும் இடம் ஒன்று உண்டு, உயரம். "நம்ம ஆளுங்க இயல்பாவே கட்டைதான்" என்று தோட்டத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். உயரம் பாய்தலுக்கும் வலைப்பந்துக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போதும் அதே வார்த்தை வரும். 2016ஆம் ஆண்டு தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். தாயின் சாப்பாடு, லயத்துத் தண்ணீர், மலசலகூடம், பிள்ளை மடுவத்தில் கிடைக்கும் கவனிப்பு எல்லாம் சேர்ந்து செய்வதை இனத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு வருடங்களில் சுமார் 20 சென்ரிமீற்றர் கூடியது. கொரியர்களின் இனம் மாறவில்லை, சாப்பாடும் சுகாதாரமும் மாறின.

குழந்தை பிறந்ததும் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு சுகாதாரப் பதிவேடு கொடுக்கிறார்கள். கிளினிக்கில் நிறுத்து, அளந்து, அதிலுள்ள கோடுகளில் புள்ளி வைப்பார்கள். அந்தக் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து 2006இல் வெளியிட்டவை. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைத்த பிள்ளைகளையே தெரிவு செய்து அளந்தார்கள். ஆறு நாட்டுப் பிள்ளைகளின் உயரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. அதனால் நோர்வேப் பிள்ளைக்கு ஒரு கோடு, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கோடு என்று அந்தப் பதிவேட்டில் இல்லை. ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.